பெண்ணின் பாலியல் கிளர்ச்சி: அறிவியல் எப்படிப் புரிந்துகொண்டது?

பாலியல் கிளர்ச்சி வரும்போது ஒரு பெண்ணின் உடலில் அடிப்படையாக இரண்டே காரியங்கள் நடக்கின்றன. பிறப்புறுப்புப் பகுதியில் ரத்தம் நிறைகிறது; உடல் முழுக்கத் தசைகள் இறுகுகின்றன. இதயம் வேகமாக அடிப்பது, மூச்சு வாங்குவது, முலைக்காம்பு விறைப்பது, மார்பிலும் கழுத்திலும் சிவப்பு படர்வது, யோனி ஈரமாவது, உச்சத்தில் இடுப்புத் தசைகள் துடிப்பது எல்லாமே இந்த இரண்டிலிருந்து கிளைப்பவைதான். ஆணின் உடலிலும் இதே இரண்டுதான்.

இவ்வளவு எளிய விஷயத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்து முறையாக அளந்து நூலாக வெளியிட 1966 ஆகிவிட்டது. அலெக்ஸி லியோனவ் விண்கலத்தைவிட்டு வெளியே வந்து விண்வெளியில் நடந்ததற்கு அடுத்த ஆண்டு அது. அதற்கு முன்பு பெண்ணின் இன்பத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். நிறையப் பேசினார்கள், நிறைய எழுதினார்கள். பெண்ணிடம் கேட்கவும் இல்லை, உடலைச் சரியாகப் பார்க்கவும் இல்லை. வெட்கம், மதம், தணிக்கை என்று காரணங்களை அடுக்கலாம். எனக்குப் பெரிதாகத் தெரியும் காரணம் வேறு: ஆணின் உடலை அளவுகோலாக வைத்துக்கொண்டு அதற்கு எதிரே பெண்ணை நிறுத்திப் பார்க்கும் பழக்கம். நம் காலத்து மாத்திரை ஆராய்ச்சி வரை அந்தப் பழக்கம் தொடர்ந்து வந்திருக்கிறது.

மேற்கொண்டு போவதற்கு முன் மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். மனம் நாடுவது வேட்கை. தூண்டுதலுக்கு உடலும் மனமும் விழித்துக்கொள்வது கிளர்ச்சி. அந்தக் கிளர்ச்சி முற்றிச் சில நொடிகளில் தசைத் துடிப்பாக விடுபடுவது உச்சம். ஒன்று இருந்தால் மற்றது இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. வேட்கை இல்லாமல் கிளர்ச்சி வரலாம், கிளர்ச்சி இருந்தும் உச்சம் வராமல் போகலாம். மருத்துவர்கள் மூன்றையும் தனித்தனியாக விசாரிப்பதற்கு அதுதான் காரணம்.

வெளியே தெரிவது கொஞ்சம்தான்

யோனி என்பது கருப்பை வாயிலிருந்து உடலுக்கு வெளியே திறக்கும் தசைக்குழாய். அதன் வாயிலை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கில் தொடுவுணர்வு ஓரளவு உண்டு. உள்ளே போகப் போக மெல்லிய தொடுகை அவ்வளவாகத் தெரியாது. அழுத்தமும் விரிவும்தான் உணரப்படும். கூர்மையான உணர்வு குவிந்திருப்பது கிளிட்டோரிஸில். உள் உதடுகள் இரண்டும் மேலே சேரும் இடத்தில், ஒரு சிறு தோல்மடிப்புக்குக் கீழே தெரியும் மொட்டு அது. இன்பத்தைத் தவிர வேறு வேலை அதற்கு இருப்பதாக இதுவரை யாரும் காட்டவில்லை. சிறுநீர் அதன் வழியாகப் போவதில்லை, குழந்தையும் வருவதில்லை.

அந்த மொட்டு முழு உறுப்பின் நுனி மட்டுமே. தோலுக்குக் கீழே அதன் தண்டு பின்னோக்கி வளைந்து, இரண்டு கால்களாகப் பிரிந்து, இடுப்பெலும்பை ஒட்டிக் கீழிறங்குகிறது. ஒவ்வொரு காலும் 5 முதல் 9 சென்டிமீட்டர் நீளம். போதாததற்கு, யோனி வாயிலின் இருபக்கமும் இரண்டு குமிழ்கள். எல்லாம் ரத்தம் ஏறினால் விம்மும் திசு. கருவில் முதல் சில வாரங்களுக்கு ஆண், பெண் இருவருக்கும் ஒரே மேடுதான் இருக்கிறது; பிறகு ஹார்மோன்களின் போக்கில் அது ஆண்குறியாகவோ கிளிட்டோரிஸாகவோ வளர்கிறது. ஆணுக்கு விறைப்பு எப்படி நடக்கிறதோ அதே பொறிமுறைதான் பெண்ணுக்கும், பெரும்பகுதி உள்ளே நடக்கிறது என்பதே வேறுபாடு.

இந்த முழு வடிவத்தையும் இன்றைய மருத்துவ உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் மெல்பர்னைச் சேர்ந்த சிறுநீரக அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல். 1998-ல் உடற்கூறாய்வு முடிவுகளை வெளியிட்டார், பிறகு எம்.ஆர்.ஐ. படங்களையும் சேர்த்து 2005-ல் விரிவாக எழுதினார். ஆண்களுக்குப் புராஸ்டேட் அறுவை செய்யும்போது விறைப்புக்கான நரம்புகளைக் காப்பாற்ற மருத்துவர்கள் படாதபாடு படுகிறார்கள். பெண்ணுக்கு இடுப்பில் அறுவை செய்யும்போது எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று பார்க்கச் சரியான படமே அப்போது இல்லை. அவர் தேடலுக்குப் பின்னால் இருந்த கேள்வி அதுதான்.

கிளிட்டோரிஸில் 8,000 நரம்பு முனைகள் உண்டு என்ற கணக்கைப் படித்திருப்பீர்கள். பல ஆண்டுகளாக இணையத்திலும் புத்தகங்களிலும் சுற்றிவந்த எண் அது. மூலத்தைத் தேடிப்போனால் கால்நடைகளை ஆராய்ந்த வேலையில் போய் முடிகிறது. மனித நரம்பை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து எண்ணியவர் ஓரிகான் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர் பிளேர் பீட்டர்ஸ். தம் பாலின அடையாளத்துக்கு ஏற்ப உடலை மாற்றும் பாலின உறுதிப்பாட்டு அறுவை செய்துகொண்ட சிலர் கொடையாகத் தந்த நரம்புத் துணுக்குகளில் அவர் குழு எண்ணியது. சராசரி 10,281 நரம்பிழைகள். ஆண்டு 2022.

இன்பம் இல்லாமல் கரு இல்லை?

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், பெண்ணின் உறுப்புகள் உள்ளே திரும்பிய ஆண் உறுப்புகள் என்றார். அவர் கணக்கில் யோனி உள்நோக்கிய ஆண்குறி; கருப்பை விதைப்பை; சினைப்பைகள் விதைகள். ஆணுக்கு வித்து இருப்பதுபோல் பெண்ணுக்கும் உண்டு, அது இன்பத்தோடு வெளிப்படும், ஆகவே இன்பம் இல்லாமல் கரு தங்காது என்ற நம்பிக்கை இந்த மரபில் வேரூன்றியது. பெண் இன்பம் அடையாமலும் கருத்தரிக்கிறாள் என்று அரிஸ்டாட்டில் அதற்கு வெகுகாலம் முன்பே எழுதியிருந்தார். அது அவ்வளவாக எடுபடவில்லை.

கேட்பதற்குப் பெண்ணுக்குச் சாதகமான கொள்கைபோலத்தான் இருக்கிறது. கணவன் மனைவியின் இன்பத்தைக் கவனிக்க வேண்டும் என்று மருத்துவ நூல்கள் புத்தி சொன்னதும் இதனால்தான். ஆனால் இதே கொள்கை நீதிமன்றத்தில் கத்தியாகத் திரும்பியது. வல்லுறவுக்கு ஆளான பெண் கருவுற்றால், அவளுக்கு இன்பம் இருந்திருக்கிறது, எனவே சம்மதமும் இருந்திருக்கிறது என்று இடைக்கால இங்கிலாந்தின் சட்ட நூல்கள் எழுதி வைத்தன.

இந்தியாவிலும் இந்த விவாதம் நடந்திருக்கிறது. காமசூத்திரத்தின் இரண்டாம் பகுதியில், ஆணுக்கு வருவதுபோன்ற முடிவு பெண்ணுக்குக் கிடையாது என்று ஔத்தாலகி என்ற ஆசிரியரின் கட்சி ஒரு பக்கம் நிற்கிறது. பெண்ணின் இன்பம் தொடக்கம் முதல் கடைசிவரை தொடர்ந்து ஓடுவது என்று பாப்ரவ்யரின் வழிவந்தவர்கள் மறுபக்கம் வாதாடுகிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வகை இன்பம்தான் என்று நூலாசிரியர் வாத்ஸ்யாயனர் தீர்ப்புச் சொல்கிறார். கெட்டிக்காரத்தனமான வாதம்தான், நடத்தியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

ஐரோப்பாவில் 1559-ல் இத்தாலிய உடற்கூறியலாளர் ரியால்தோ கொலம்போ, கிளிட்டோரிஸைத் தானே கண்டுபிடித்ததாக நூல் எழுதினார். இரண்டு ஆண்டுகளில் கபிரியேல் ஃபலோப்பியோ, இல்லை நான்தான் முதலில் என்று கிளம்பினார். (சினைக்குழாய்க்கு இவர் பெயர்தான் இன்றும் வழங்குகிறது.) பெண்கள் எப்போதும் அறிந்திருந்த ஒன்றுக்கு இரண்டு ஆண்கள் உரிமை கொண்டாடிய வேடிக்கை அது. அந்தக் காலத்தின் மிகப் பெரிய உடற்கூறியலாளரான வெசாலியஸ் இரண்டு பேரையும் ஏற்கவில்லை; உடல்நலமுள்ள பெண்களுக்கு அப்படி ஒரு உறுப்பே கிடையாது என்றார்.

1672-ல் டச்சு மருத்துவர் ரெக்னியர் டி கிராஃப் அதை விரிவாக விவரித்தார். 1844-ல் ஜெர்மானியர் கியோர்க் கோபெல்ட், ரத்தக்குழாய்களுக்குள் சாயப்பொருள் செலுத்தி, கால்களையும் குமிழ்களையும் சேர்த்து அற்புதமாக வரைந்தார். ஓ'கானல் காட்டியதில் பெரும்பகுதி கோபெல்ட்டின் படத்திலேயே இருந்தது. பிறகு எப்படி மறந்துபோனார்கள்?

இதில் ஒரு முரண் இருக்கிறது. 1827-ல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் பாலூட்டியின் சினைமுட்டையைக் கண்டுபிடித்தார். முட்டை வெளிப்படுவதற்கு இன்பம் தேவையில்லை என்பது அடுத்தடுத்த ஆராய்ச்சிகளில் உறுதியானது. உண்மையான கண்டுபிடிப்பு, நல்ல அறிவியல். ஆனால் கருத்தரிப்புக்குப் பயன்படாத இன்பத்தை மருத்துவம் எதற்காகப் படிக்க வேண்டும்? படிப்பதை விட்டுவிட்டார்கள். சிலர் அதை நோயாகவே பார்க்கத் தொடங்கினார்கள். லண்டன் அறுவை மருத்துவர் ஐசக் பேக்கர் பிரவுன், வலிப்பு முதல் ஹிஸ்டீரியா (பெண்களின் நரம்புக் கோளாறு என்று அன்று சொல்லப்பட்டது) வரை பல நோய்களுக்குச் சுய இன்பமே காரணம் என்று நம்பி, பெண்களின் கிளிட்டோரிஸை வெட்டி எடுத்தார். 1867-ல் அவரை லண்டன் மகப்பேறு மருத்துவர் சங்கம் வெளியேற்றியது. நோயாளியின் சம்மதம் கேட்காமல் செய்தார் என்ற குற்றச்சாட்டுதான் அங்கே பெரிதாகப் பேசப்பட்டது.

அதே காலத்து மருத்துவர்கள் ஹிஸ்டீரியா சிகிச்சை என்ற பெயரில் பெண்களுக்கு உச்சம் வரவழைத்தார்கள், கை வலித்ததால் வைப்ரேட்டரைக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. சுவையான கதை, சினிமாவாகவும் வந்துவிட்டது. ஆனால் ஆதாரம் இல்லை. 1999-ல் ஒரு வரலாற்று நூல் ஊகமாக முன்வைத்ததை 2018-ல் ஹாலி லீபர்மனும் எரிக் ஷாட்ஸ்பெர்க்கும் மூல ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை என்று காட்டினார்கள்.

இளவரசியின் அளவுகோல்

1905-ல் மனப்பகுப்பாய்வை நிறுவிய சிக்மண்ட் ஃபிராய்ட் ஒரு கொள்கையை எழுதினார். சிறுமியாக இருக்கும்போது பெண்ணின் இன்பம் கிளிட்டோரிஸில் இருக்கிறது. முதிர்ந்த பெண்ணாகும்போது அது யோனிக்கு இடம்பெயர வேண்டும். பெயரவில்லை என்றால் அவளுடைய மனவளர்ச்சியில் குறை இருக்கிறது. எந்த உடலையும் ஆராய்ந்து வந்த முடிவல்ல இது. இருந்தாலும் அடுத்த அரை நூற்றாண்டு, ஏராளமான பெண்களுக்கு ‘உணர்ச்சியற்றவள்’ என்ற முத்திரை விழ இது போதுமானதாக இருந்தது.

இந்தக் கொள்கை ஒருவரை என்ன பாடுபடுத்தியது என்பதற்கு மரீ போனபார்ட்டைப் பார்த்தால் போதும். நெப்போலியனின் தம்பி வழிவந்தவர், கிரேக்க இளவரசர் ஜார்ஜின் மனைவி, பெரும் பணக்காரி. உடலுறவில் தனக்கு உச்சம் வருவதில்லை என்பது அவருடைய துயரம். 1924-ல் ‘நர்ஜானி’ என்ற புனைபெயரில் பெல்ஜிய மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார். 243 பெண்களின் கிளிட்டோரிஸுக்கும் யோனி வாயிலுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, அவர்களின் அனுபவத்தோடு பொருத்திப் பார்த்த கட்டுரை. தூரம் இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் உடலுறவின்போது உச்சம் எளிதாக வருகிறது, கூடினால் வருவதில்லை என்பது அவர் முடிவு.

அந்த முடிவோடு நின்றிருந்தால் மனவளர்ச்சிக் கொள்கைக்கு நல்ல பதிலாக இருந்திருக்கும்: மனதில் குறையில்லை, அமைப்பு அப்படி. ஆனால் அடுத்த ஆண்டே ஃபிராய்டிடம் மனப்பகுப்பாய்வுக்குப் போய்ச் சேர்ந்தார். 1927-ல் வியன்னாவின் யோசஃப் ஹால்பன் என்ற மருத்துவரைக் கொண்டு தன் கிளிட்டோரிஸை யோனி வாயிலுக்கு அருகே நகர்த்த அறுவை செய்துகொண்டார். பலன் இல்லை. பின்னரும் அறுவைகள் செய்துகொண்டார், அவையும் கைகொடுக்கவில்லை. இதே மரீ போனபார்ட்தான் 1938-ல் நாஜிகளிடமிருந்து தப்பி ஃபிராய்ட் லண்டன் போய்ச்சேரப் பணமும் செல்வாக்கும் கொடுத்து உதவியவர். அவர் அளந்த எண்களைக் கிம் வாலனும் எலிசபெத் லாய்டும் 2011-ல் புதிய புள்ளியியல் முறைகளில் போட்டுப் பார்த்தபோது, தூரத்துக்கும் உச்சத்துக்கும் உள்ள தொடர்பு நிலைத்து நின்றது. கத்தியை எடுத்ததுதான் தவறு.

கேட்டவரும் அளந்தவர்களும்

ஆல்ஃபிரட் கின்சி விலங்கியலாளர். இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஒருவகைக் குளவிகளை ஆயிரக்கணக்கில் சேகரித்து ஒப்பிட்டவர். அதே பொறுமையோடு மனிதர்களிடம் திரும்பினார். 1953-ல் வெளியான அவருடைய நூல் 5,940 அமெரிக்கப் பெண்களின் நேர்காணல்களை அடிப்படையாகக் கொண்டது. எல்லோரும் வெள்ளையர்கள், தாமாக முன்வந்தவர்கள். மாதிரியில் குறை உண்டு. ஆனாலும் சுய இன்பம், திருமணத்துக்கு முந்தைய உறவு, உச்சம் என்று பெண்கள் சொன்னது முதன்முறையாக எண்களாக வந்தது. மகப்பேறு மருத்துவர்களைக் கொண்டு தொடுவுணர்வையும் சோதித்தார்; யோனிச் சுவரில் மெல்லத் தொட்டது பெரும்பாலான பெண்களுக்குத் தெரியவே இல்லை. ஃபிராய்டின் ‘இடப்பெயர்ச்சி’ அங்கேயே ஆட்டம் கண்டது. நூல் வந்த அடுத்த ஆண்டு ராக்பெல்லர் அறக்கட்டளை நிதியை நிறுத்திக்கொண்டது.

கேட்பதைத் தாண்டி அளக்கத் துணிந்தவர்கள் செயின்ட் லூயிஸில் இருந்த வில்லியம் மாஸ்டர்ஸும் விர்ஜீனியா ஜான்சனும். மாஸ்டர்ஸ் மகப்பேறு மருத்துவர். 1957-ல் உதவியாளராகச் சேர்ந்த ஜான்சனிடம் பட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஆய்வுக்கு வந்த பெண்களிடம் பேசி அவர்களை இயல்பாக இருக்கவைக்கும் திறமை அவரிடம்தான் இருந்தது. 382 பெண்கள், 312 ஆண்கள். ஆய்வுக்கூடத்தில் இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், தசை இறுக்கம் எல்லாம் பதிவாகும். உள்ளே நடப்பதைப் படமெடுக்க ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் ஆண்குறி வடிவக் கருவி ஒன்றைச் செய்து அதோடு கேமராவை இணைத்தார்கள்.

அந்தக் கேமரா ஒரு பழைய நம்பிக்கையை உடைத்தது. யோனியின் ஈரம் கருப்பை வாயிலிருந்தோ வாயிலருகே உள்ள சுரப்பிகளிலிருந்தோ வருகிறது என்றுதான் அதுவரை பாடம். திரையில் தெரிந்தது வேறு. தூண்டுதல் தொடங்கி 10 முதல் 30 நொடிக்குள் யோனிச் சுவர் முழுவதும் சிறு துளிகள் அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, வழவழப்பான படலமாகப் பரவின. சுவருக்குப் பின்னால் உள்ள ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி சுவர் வழியாகக் கசிகிறது, அவ்வளவுதான். ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் எதுவும் ஈரத்தையும் குறைக்கும் என்பது இதிலிருந்து தானாகப் புரியும்.

மற்றவையும் தெளிவாயின. கிளர்ச்சி கூடும்போது யோனியின் உட்பகுதி நீண்டு விரிகிறது. வாயிலை ஒட்டிய பகுதி ரத்தம் நிறைந்து குறுகுகிறது. உச்சத்துக்குச் சற்று முன் கிளிட்டோரிஸ் தன் மடிப்புக்குள் பின்வாங்கிவிடுகிறது. உச்சத்தின்போது தசைகள் 0.8 நொடிக்கு ஒருமுறை என்ற தாளத்தில் துடிக்கின்றன. ஆணுக்கும் அதே தாளம். எங்கே தூண்டினாலும் உச்சத்தின் உடலியல் ஒன்றுதான், கிளிட்டோரிஸ் உச்சம், யோனி உச்சம் என்று இருவேறு வகை இல்லை என்றார்கள். ஆணுக்கு உச்சத்துக்குப் பிறகு ஓர் ஓய்வு இடைவெளி கட்டாயம். பல பெண்களுக்கு அது இல்லை, தூண்டுதல் தொடர்ந்தால் மறுபடியும் வரலாம்.

தொடக்கத்தில் சொன்ன 1966 நூல் இவர்களுடையதுதான்; அதில் இதையெல்லாம் கிளர்ச்சி, சமநிலை, உச்சம், தணிவு என்று நான்கு கட்டங்களாக வரைந்தார்கள். பாடநூல்களில் இன்றும் இருக்கும் படம் இது. அளந்த வரைக்கும் நேர்மையான வேலை. ஆனால் ஆய்வில் சேரவே உச்சம் அடையும் அனுபவம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கம்பிகளுக்கும் கேமராவுக்கும் நடுவே கிளர்ச்சி அடையக்கூடியவர்கள் வேறு. அவர்களிடம் கண்டதை எல்லாப் பெண்களின் இயல்பாக எடுத்துக்கொண்டது சிக்கல். இன்னொரு விடுபடலும் உண்டு: நான்கு கட்டங்களில் வேட்கையே இல்லை.

வேட்கை எப்போது வருகிறது?

நியூயார்க்கைச் சேர்ந்த ஹெலன் சிங்கர் கேப்ளன் 1970-களின் இறுதியில் வேட்கையை முன்னால் சேர்த்தார். முதலில் வேட்கை, பிறகு கிளர்ச்சி, பிறகு உச்சம். சிகிச்சைக்கு வருபவர்களில் பலருக்குக் கிளர்ச்சியில் குறையில்லை, நாட்டமே இல்லை என்பதை அவர் கவனித்திருந்தார்.

கனடாவின் வான்கூவரில் ரோஸ்மேரி பாஸன் 2000-ல் வெளியிட்ட கட்டுரைதான் பலருக்கு நிம்மதி தந்தது என்பேன். நீண்டகால உறவில் இருக்கும் பல பெண்கள் அவரிடம் சொன்னது ஏறத்தாழ ஒன்றுதான்: தானாக ஆசை தோன்றுவதில்லை, ஆனால் தொடங்கியபின் நன்றாகத்தான் இருக்கிறது. பழைய படத்தின்படி இது குறை. பாஸன் அந்த நேர்கோட்டை வட்டமாக வளைத்தார். நெருக்கம் வேண்டும் என்றோ, துணையின் மேல் உள்ள பிரியத்தாலோ ஒரு பெண் தொடங்கலாம். தொடுகையும் சூழலும் ஒத்துவந்தால் கிளர்ச்சி எழும். அதன் பிறகு, அதன் விளைவாக, வேட்கை வரும். அனுபவம் இனிதாக முடிந்தால் அடுத்த முறை தொடங்க அதுவே காரணமாகும். கசப்பாக முடிந்தால் வட்டம் அங்கேயே அறுந்துபோகும். கடைசியில் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. வலியையும் சலிப்பையும் பொறுத்துக்கொண்டு தொடர்வதற்கு இந்த வட்டத்தில் இடமே இல்லை.

உடனே ‘ஆணுக்குத் தானாக வரும், பெண்ணுக்குத் தூண்டினால் வரும்’ என்று புதிய சூத்திரம் எழுதிவிடக் கூடாது. 2007-ல் மைக்கேல் சாண்டும் வில்லியம் ஃபிஷரும் செவிலியர்களிடம் மூன்று படங்களையும் விவரித்து, உங்களுக்குப் பொருந்துவது எது என்று கேட்டார்கள். மாஸ்டர்ஸ்–ஜான்சன், கேப்ளன், பாஸன் மூன்றுக்கும் கிட்டத்தட்டச் சமமாக வாக்கு விழுந்தது. ஒரே பெண்ணுக்கே வயதும் உறவும் மாறும்போது படம் மாறலாம்.

கின்சி நிறுவனத்தில் ஜான் பேங்கிராஃப்ட்டும் எரிக் யான்சனும் 1990-களில் முன்வைத்த கருத்து, தொடக்கநிலையில் படிப்பவருக்கு எல்லாவற்றையும்விடப் பயன்படும். மூளையில் பாலியல் தூண்டலை ஏற்கும் அமைப்பு ஒன்று, தடுக்கும் அமைப்பு ஒன்று என இரண்டும் தனித்தனியே வேலை செய்கின்றன. வண்டியின் ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டம் இல்லை என்றதும் எல்லோரும் ஆக்ஸிலரேட்டரைத்தான் மிதிக்கிறார்கள்: புது உடை, புது முயற்சி, மருந்து. பெரும்பாலும் கால் பிரேக்கில் இருக்கும். கர்ப்பம் தரித்துவிடுமோ என்ற பயம், பக்கத்து அறையில் விழித்திருக்கும் ஆட்கள், களைப்பு, தன் உடலைப் பற்றிய கூச்சம், மாலையில் நடந்த சண்டை, பழைய வன்முறையின் நினைவு. பிரேக்கை விடாமல் என்ன மிதித்தாலும் வண்டி நகராது.

உடல் ஒன்று, மனம் வேறு

1970-களில் யோனிக்குள் வைத்து ரத்த ஓட்டத்தை ஒளியால் அளக்கும் சிறு கருவி ஒன்று வந்தது. ஆணுக்கு விறைப்பை அளக்கும் கருவி ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் வைத்து, ‘இப்போது எவ்வளவு கிளர்ச்சி?’ என்ற கேள்விக்கு வாய் சொல்லும் பதிலையும் உடல் காட்டும் அளவையும் ஒப்பிடலாம். கனடாவின் மெரிடித் சிவர்ஸும் உடன் பணியாற்றியவர்களும் அப்படி நடந்த 132 ஆய்வுகளைச் சேர்த்து 2010-ல் கணக்கிட்டார்கள். முழுப் பொருத்தம் என்றால் 1. ஆண்களுக்கு வந்தது 0.66; பெண்களுக்கு 0.26.

அதாவது, பெண்ணின் உடல் ஈரமாவதற்கும் அவள் மனதளவில் கிளர்ச்சி அடைவதற்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. விருப்பமே இல்லாத, வெறுப்பான பாலியல் தூண்டலுக்கும் உடல் தன்னிச்சையாக எதிர்வினை காட்டலாம். காயத்திலிருந்து காக்கும் அனிச்சைச் செயலாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். மறுபக்கம், முழு விருப்பத்தோடு இருக்கும் பெண்ணுக்கு ஈரம் போதாமல் இருக்கலாம். வழவழப்புத் தரும் ஜெல் வாங்கிப் பயன்படுத்தினால் தீர்ந்தது. வல்லுறவின்போது உடல் எதிர்வினை காட்டியதே என்று பல ஆண்டுகள் தன்னையே நொந்துகொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். இடைக்காலச் சட்ட நூல் சொன்ன அதே பொய்தான் அவர்களை வாட்டுகிறது. ஈரம் சம்மதம் ஆகாது. சம்மதத்தைத் தெரிந்துகொள்ள அவளைத்தான் கேட்க வேண்டும்.

இந்த இடைவெளியை மருந்து நிறுவனங்கள் பணம் செலவழித்துத் தெரிந்துகொண்டன. ஆண்களுக்கு வயாகரா வெற்றி பெற்றதும் அதே மாத்திரையைச் சுமார் 3,000 பெண்களிடம் சோதித்தது ஃபைசர். பிறப்புறுப்புக்கு ரத்தம் போனால் வேலை முடிந்தது என்ற கணக்கு. 2004-ல் கைவிட்டார்கள். அடுத்து மூளையைக் குறிவைத்தார்கள். மன அழுத்த மருந்தாகத் தொடங்கித் தோற்ற ஃபிளிபான்செரின், இரண்டு முறை நிராகரிக்கப்பட்டு, 2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் நிறைவான உறவு மாதத்துக்குச் சராசரியாக அரைமுறை கூடியது என்று பின்னர் வந்த தொகுப்பாய்வு சொன்னது. தலைச்சுற்றலும் மயக்கமும் பக்கவிளைவு. மதுவோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்த முதல் ஆய்வில் 25 பேர். அதில் 23 பேர் ஆண்கள். பெண்களுக்கான மாத்திரை!

உச்சம்

2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 52,000-க்கும் அதிகமானவர்களைக் கேட்டது. உறவின்போது வழக்கமாகவோ எப்போதுமோ உச்சம் வருகிறது என்றவர்கள், பெண்களோடு உறவுகொள்ளும் ஆண்களில் 95 சதவீதம். ஆண்களோடு உறவுகொள்ளும் பெண்களில் 65. பெண்களோடு உறவுகொள்ளும் பெண்களில் 86. பெண்ணுடலே தாமதமானது, சிக்கலானது என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் கடைசி எண்ணை விளக்க வேண்டியிருக்கும். முத்தம், கையால் தூண்டுவது, வாய்வழி உறவு மூன்றும் சேரும்போது பெண்களுக்கு உச்சம் அதிகம் வருகிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. உடற்கூறைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

‘ஜி புள்ளி’ பற்றிச் சுருக்கமாக. எர்ன்ஸ்ட் கிராஃபென்பெர்க் 1950-ல் யோனியின் முன்சுவரில் சிறுநீர்ப்புழையை ஒட்டி உணர்வு மிகுந்த பகுதி உண்டு என்று எழுதினார். 1980-களில் அவர் பெயரின் முதலெழுத்தை வைத்தார்கள். தனி உறுப்பு என்று சொல்லும்படி அங்கே எதுவும் உறுதியாகக் கிடைக்கவில்லை. கிளிட்டோரிஸின் உள்பகுதி, சிறுநீர்ப்புழை, யோனிச் சுவர் மூன்றும் நெருங்கிக் கிடக்கும் இடம் அது. சிலருக்கு அங்கே இன்பம் உண்டு, சிலருக்கு இல்லை. பொத்தான்போலத் தேட வேண்டியதில்லை.

இதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது பாரி கோமிசாரக்கும் பெவர்லி விப்பிளும் செய்த வேலை. தண்டுவடம் முழுமையாக அறுபட்ட சில பெண்கள், இடுப்புக்குக் கீழே எந்த உணர்வும் இல்லாதபோதும், கருப்பை வாயைத் தூண்டினால் உச்சம் வருகிறது என்றார்கள். மருத்துவர்கள் நம்பவில்லை. மூளையைப் படமெடுத்து 2004-ல் வெளியிட்டபோது வழி தெரிந்தது: தண்டுவடத்தைத் தொடாமல் வயிற்று வழியே நேராக மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பு.

பெண்ணுக்கு உச்சம் எதற்காகப் பரிணமித்தது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆணுக்கு முலைக்காம்பு இருப்பதுபோலப் பொதுவான கரு அமைப்பின் உடன்விளைவு என்கிறது ஒரு தரப்பு. மிஹேலா பாவ்லிச்செவும் குந்தர் வாக்னரும் வேறு பாதையில் போனார்கள். முயல், பூனை, ஒட்டகம் போன்றவற்றில் புணர்ச்சி நடந்தால்தான் முட்டை வெளிவரும்; அந்தப் பழைய நரம்பு–ஹார்மோன் பொறிமுறையின் எச்சம்தான் மனித உச்சம் என்பது அவர்கள் கருத்து. 2019-ல் முயல்களுக்கு ஃபுளூவாக்ஸெட்டின் கொடுத்துச் சோதித்தார்கள். பெண்களின் உச்சத்தைத் தாமதப்படுத்துவதாக அறியப்பட்ட மருந்து அது. முட்டை வெளிப்படுவது 30 சதவீதம் குறைந்தது.

அந்த மருந்தும் அதன் வகையைச் சேர்ந்தவையும் மன அழுத்தத்துக்குப் பரவலாகத் தரப்படுகின்றன. எடுக்கத் தொடங்கியபின் நாட்டமோ உச்சமோ குறைந்தால், தானாக நிறுத்தாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லலாம்; அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து யோனிச் சுவர் மெலிவதால் வரும் வறட்சிக்கும் எரிச்சலுக்கும் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் உண்டு. யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். உறவின்போது தொடர்ந்து வலி இருந்தால் தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), இடுப்புத் தளத் தசை இறுக்கம் என்று பல காரணங்கள் இருக்கலாம். தசை இறுக்கத்துக்குப் பிசியோதெரபி பலன் தருகிறது. ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று பரிசோதிக்காமலேயே அனுப்பிவைக்கும் மருத்துவர் வாய்த்தால், வேறு மருத்துவரைப் பாருங்கள்.